கமோமே பாரின் நூற்று நாற்பத்து மூன்று பாட்டில்கள்

எங்கள் தெருவை இடிக்கப் போவதாகச் சொல்ல ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். இடிக்க வந்த அந்த அலுவலகமே பழசாகி, நடுவில் ஒருமுறை வெள்ளையடித்துக்கொண்டது. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வரப்போகிற முப்பத்தோரு மாடிக் கட்டடத்தின் பொம்மை. கீழே நகக்கண் அளவுக்கு மனிதர்கள் நடந்துபோகிறார்கள். அத்தனை பேரும் ஒல்லி. ஒருவர் கையிலும் ஒரு முள்ளங்கிகூட இல்லை.

மினோகுச்சி ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கினால் மூன்றாவது கடை என்னுடையது. ஒதோவா மெத்தைக்கடை. நான் ஃபுமியே ஒதோவா, எழுபத்து மூன்று வயது. சம்மதப் பத்திரத்தில் நாலாம் வருஷமே முத்திரை குத்திவிட்டேன். பதிலுக்குப் புதுக் கட்டடத்தில் பதினோராம் மாடியில் ஒரு வீடு. அந்தக் கட்டடத்தின் சட்டப்படி பால்கனியில் மெத்தை உலர்த்தக் கூடாது. மெத்தைக்காரியைக் கொண்டுபோய் மெத்தை உலர்த்தக் கூடாத வீட்டில் வைக்கிறார்கள். அறிவாளிகள் கூடி வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, பக்கத்துக் கடை மிசாவோ நிட்டாவைப் பற்றி.

மிசாவோ 'கமோமே' என்ற சின்ன மதுக்கடையை முப்பத்தெட்டு வருஷம் நடத்தினாள். கமோமே என்றால் கடற்காகம். கடல் இங்கிருந்து இரண்டு ரயில் மாறிப் போகிற தூரம். எட்டு முக்காலி, ஒரு மேடை, அதற்குப் பின்னால் கூரைவரை அலமாரி. ஆள் ஒல்லி, என்னைவிட மூன்று வயது இளையவள். சிரித்து நான் பார்த்ததில்லை. "இன்னைக்கு நல்ல வெயில்" என்றால் "ஆமா" என்பாள். "மழை வரும்போல" என்றாலும் "ஆமா"தான். ஒருமுறை கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் முடிந்துபோயிற்று. ஏன் என்று கேட்டவர்களிடம் "பொருந்தலை" என்று மட்டும் சொன்னாள். செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல. காலையில் வாசல் பெருக்கினால் தன் கடை எல்லைவரை பெருக்கி, அதைத் தாண்டி ஒரு சாண் என் பக்கமும் பெருக்குவாள். அதற்கு மேல் ஒரு விரற்கடை போகாது. அதிகம் பெருக்கினால் அடுத்த வீட்டுக்காரியைச் சோம்பேறி என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

அவள் கடைக்கு வருகிறவர்கள் சாராயத்தை முழு பாட்டிலாக வாங்கி, கழுத்தில் பெயர் அட்டை மாட்டி, கடை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வந்தால் தன் பாட்டிலிலிருந்தே குடிக்கலாம். ஐஸுக்கும் தொட்டுக்கொள்வதற்கும் காசு கொடுத்தால் போதும். பாட்டில் இருக்கிறவரை அவனுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். சில கடைகளில் மூன்று மாதம் வராவிட்டால் கொட்டிவிடுவார்கள். மிசாவோ ஒன்றைக்கூடக் கொட்டியதில்லை.

போன இலையுதிர் காலத்தில் கடைசித் தேதியைக் குறித்துவிட்டார்கள். மார்ச் முப்பத்தொன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கடைகளும் சாவி கொடுக்க வேண்டும். மறுநாள் கரண்ட், கேஸ் எல்லாம் துண்டிப்பு. உள்ளே எது மிச்சமிருந்தாலும் இடிபாட்டோடு லாரியில் போகும். கமோமே இருந்த இடம் வாடகை இடம். மிசாவோவும் மறுப்பு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். முழங்கால் வலி, இனிமேல் கடை வேண்டாம், வடக்கே ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாள் என்று கேள்வி. எல்லாம் சரி. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கடைசி பாட்டில் அதன் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சாவி.

அலுவலகத்திலிருந்து கடோவாக்கி என்பவர் வந்து எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று.

இதற்காகவே கடைத்தெருச் சங்கக் கூட்டம் போட்டார்கள். தலைவர் முரோகா, பாத்திரக்கடைக்காரர், யாரையும் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்தே கூப்பிடுகிறவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மிசாவோசான், பத்து வருஷமா எட்டிப் பாக்காதவன் இனிமேவா வரப்போறான்? தூக்கிக் குப்பையில போடுங்க. யார் கேக்கப்போறா?"

மிசாவோ எழுந்து நின்றாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் கூட்டத்தில் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

"எனக்கு ஒம்பது வயசா இருக்கும்போது எங்கப்பா லாண்டரி வெச்சிருந்தாரு. தொழில் நொடிச்சுப்போச்சு. ஒருநாள் எங்களையெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு ஊரைவிட்டே ஓடிட்டாரு. வெளுக்க வந்த துணியும் வண்டியோட வந்துடுச்சு. குளிருக்கு அதுல ஒரு கோட்டை எடுத்து எனக்குப் போட்டாங்க. உள்பக்கம் 'கனே'ன்னு பேரு தெச்சிருந்துது. என்கூடப் படிச்ச பொண்ணு. ரெண்டு குளிர்காலம் அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கிட்டேன். அடுத்தவங்க பொருளை வெச்சுக்கிட்டுக் கடையை மூடினா அது மூடறதில்லைங்க, ஓடறது. நான் மூடணும்."

உட்கார்ந்துவிட்டாள். யாரோ எழுந்துபோய் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள்.

கடோவாக்கிக்கு நாற்பத்தைந்து வயது, வயிற்றுப்புண். எங்கள் தெருவை இடிக்கிற வேலை அவர் வயிற்றில் இறங்கிவிட்டது. என் கடையில் மெத்தை அடுக்கின்மேல் உட்கார்ந்து, நான் கொடுக்கும் டீயில் மருந்துப் பொடி போட்டுக் குடிப்பார். அவர்தான் ஒரு யோசனை செய்தார். முகவரி தெரிந்த அத்தனை பேருக்கும் கடிதம் போட்டார். 'கமோமே மூடப்படுகிறது. தங்கள் பாட்டிலை அன்புகூர்ந்து எடுத்துச் செல்லவும்.'

ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணினார். நூற்று எழுபத்தாறு.

இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து மெத்தை அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"எப்படிங்க ஏறும்? எடுத்துட்டுப் போங்கன்னுதானே எழுதினேன்?"

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"இந்த ஊருதாங்க."

"அப்புறம் என்ன கேள்வி? மூடப்போற கடைக்கு வந்து, 'என் பாட்டிலைக் குடு'ன்னு வாங்கிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போவானா ஒரு மனுஷன்? உட்காருவான். மிச்சத்தைக் குடிப்பான். தீந்துபோனா மரியாதைக்கு இன்னொண்ணு வாங்கி வெச்சுட்டுப் போவான்."

முரோகாவே இரண்டு வாங்கி வைத்திருந்தார். சங்கத் தலைவர் ஒன்றோடு நிறுத்தினால் நன்றாயிருக்காதாம். வேண்டாம் என்று மிசாவோவால் சொல்ல முடியவில்லை. வந்தவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போலாகும். கடைசியில் 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்று அட்டை எழுதி மாட்டினாள். அடுத்த வாரம் ஆட்கள் தாங்களே பாட்டில் கொண்டுவந்து பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது. கடோவாக்கி மருந்தை மாற்றிக்கொண்டார்.

ஜனவரியில் மிசாவோ கடைக்குக் கதவடைத்தாள். சக்கரம் வைத்த கூடை ஒன்றை வாங்கினாள். பாட்டில்களை ஈரத்துணியால் துடைத்து அதில் அடுக்கிக்கொண்டு, வீடு வீடாகத் தானே கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினாள். கடோவாக்கி பின்னாலேயே பெயர்ப் பட்டியலோடு போனார். அலுவலகத்தில் அதற்கு என்ன பெயர் சொன்னாரோ தெரியாது. சாயங்காலம் வந்து என்னிடம் ஒன்றுவிடாமல் சொல்வார். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர், பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க, "ஜென்மத்துல நான் அந்தக் கடைப் பக்கம் போனதே இல்லை" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைப் போர்வைக்குள் தள்ளிக்கொண்டாராம். ஒரு வீட்டில் மகள் வாங்க மறுத்தாள். மிசாவோ வாசலில் நின்றாள். ஒருமணி நேரம் நின்ற பிறகு அந்தப் பெண் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். இறந்துபோனவர்களில், வாங்கிக்கொள்ள வீட்டார் யாரும் இல்லாதவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களுடையதைக் கல்லறைகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினார்கள். ஒரு கல்லறைத்தோட்டத்தில், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து யாரிடம் வாங்குவது என்று கடோவாக்கி கேட்டிருக்கிறார். "நீங்களே போடுங்க" என்றாளாம் மிசாவோ.

மார்ச் இருபதாம் தேதி பட்டியலில் ஒன்றுதான் மிச்சம். அது என் கணவர் யசுநோரியின் பாட்டில்.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். யசுநோரிக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. இனி ஒரு சொட்டு குடித்தாலும் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அப்படியும் அவர் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கமோமேக்குப் போய் ஏழரைக்குத் திரும்பினார். பத்தொன்பது மாதம் அப்படிப் போய்வந்து, பிறகு செத்துப்போனார். சவச் சடங்கில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிசாவோ கறுப்பு உடுத்தி, துக்க வீட்டுக்குப் பணம் வைத்துத் தரும் உறையை இரண்டு கையாலும் நீட்டினாள். நான் அதைத் தட்டிவிட்டேன். "ஊத்திக் குடுத்தே என் புருஷனைக் கொன்னுட்டு, இப்ப எதுக்குடி வந்தே? இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றேன். அவள் உறையைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு, படத்தை ஒருதரம் வணங்கிவிட்டுப் போனாள். பதினோரு வருஷம் ஆயிற்று. தெருவில் வீடு வீடாகக் கைமாறிச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகையில் எனக்கு அடுத்த பெயர் அவளுடையது. அதைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

கடோவாக்கி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணு இருக்குங்க."

"இருக்கட்டும்."

"அது ஒண்ணுதாங்க பாக்கி."

"அதனாலதான் இருக்கட்டும்ங்கறேன்."

மறுநாள் முரோகா வந்தார். "ஃபுமியேசான், ஒரு பாட்டிலால முப்பத்தோரு மாடி நிக்குது."

"நிக்கட்டும். கால் வலிச்சா உட்காரட்டும்."

என் மனதில் என்ன இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அடுத்தவர் பொருளோடு ஓடினவள் என்ற பெயரோடுதான் அவள் இந்தத் தெருவைவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தேன். அவளை எது சுடும் என்பதை அவளே கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாள். அதை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி நல்ல வெயில். கடைசி நாள் பார்க்கவென்று, ஒருநாளும் எங்களிடம் ஒன்றும் வாங்காத ஜனங்களெல்லாம் கேமராவோடு வந்து தெருவில் நின்றார்கள். என் கடையில் மூட்டை முடிச்செல்லாம் போயாகிவிட்டது. நானும் ஒரு நாற்காலியும்தான். பதினோரு மணி இருபது நிமிஷத்துக்கு மிசாவோ துணியில் சுற்றிய பாட்டிலோடு வெளியே வந்தாள். என் வாசற்படிக்கு ஒரு அடி தள்ளி நின்றாள். மிதிக்காதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா, மிதிக்கவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாங்கிக்கங்க."

"மாட்டேன்."

அவள் குனிந்த தலையோடு அப்படியே நின்றாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஜனங்கள் படமெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவள் நின்றே சாதித்துவிடுவாள்போல.

"குடு இப்படி. உன் கண்ணெதிர்லயே சாக்கடையில கொட்டறேன்."

"கொட்டினாலும் வாங்கிக்கிட்டதா எழுதிக்கலாம்" என்றார் கடோவாக்கி அவசரமாக.

பிடுங்கினேன். துணியை உருவி வீசினேன். மூடியைத் திருகினேன். திரும்பவில்லை. மூட்டுவலிக் கை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினேன். கடோவாக்கி எட்டிப் பார்த்தார்.

"சீல் பிரிக்கலைங்க" என்றார்.

பார்த்தேன். மூடியைச் சுற்றியிருந்த பட்டை கிழியாமல் இருந்தது. சாராயம் கழுத்துவரை இருந்தது. அட்டையில் யசுநோரியின் கோணல் எழுத்து. அவர் பெயர், தேதி. டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னதற்கு அடுத்த வாரம்.

"இது கடைசியா வாங்கினதா?"

"அந்த வாரத்துக்கு அப்புறம் வாங்கினது இது ஒண்ணுதான்" என்றாள் மிசாவோ.

"அப்ப தினம் வந்து என்னத்தைக் குடிச்சாரு?"

"பார்லி டீ."

"பத்தொம்பது மாசமா?"

"ஆமா. வெறும் டீயோட உட்கார்ந்தா பக்கத்துல இருக்கறவங்க உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க. பாட்டில் எதிர்ல இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் வாங்கினாரு."

"டீக்குக் காசு வாங்கினியா?"

"வாங்கினேன். கடைதானே."

எனக்கு அந்த நாற்காலி தேவைப்பட்டது. போய் உட்கார்ந்தேன். முதல் வாரத்தில் அவர் திரும்பி வந்ததும் "குடிச்சியா?" என்று கேட்பேன். "குடிக்கலை" என்பார். பொய்யன் என்பேன். மூன்று நாள் சொல்லிப் பார்த்தார். அதன்பிறகு நான் கேட்டால் பதில் சொல்வதை விட்டுவிட்டார். அவர் சட்டையில் கமோமேயின் புகை நாற்றம் வரும், அதை வைத்துத் தீர்மானித்துவிட்டேன். பக்கத்தில் போய் வாயை முகர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கோபத்தில் நான் பக்கத்தில் போகவில்லை. பத்தொன்பது மாதம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தேன்.

"ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்று கத்தினேன். "அத்தனை பேர் முன்னாடி கொலைகாரின்னேன். வாயைத் திறக்க வேண்டியதுதானே?"

"கடையில நடந்ததை வெளிய சொல்றதில்லை. நான் சொல்லியே வீட்டுல நம்பலை, நீங்க போய்ச் சொல்ல வேண்டாம்னு அவரும் சொல்லியிருந்தாரு. வீட்டுல உட்கார்ந்தா நோயாளியாம், இங்க உட்கார்ந்தா வாடிக்கையாளராம். இப்பகூடப் பாட்டிலை நீங்க பாத்துட்டதால சொன்னேன்."

"என்னைப் பத்தி என்ன சொல்வாரு?"

"அதைச் சொல்ல முடியாது."

"கடைதான் மூடியாச்சே!"

மிசாவோ நிலையத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு" என்றாள்.

கடோவாக்கி பட்டியலை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன், எழுத்து அவருடையதைவிடக் கோணலாக வந்தது. மிசாவோ உள்ளே போனாள். காலி அலமாரியை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, கதவுக்கு ஒரு கும்பிடு போட்டு, பன்னிரண்டு அடிக்கையில் சாவியைக் கடோவாக்கியிடம் கொடுத்தாள். "மூடிட்டேன்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடோவாக்கிதான் மூக்கை உறிஞ்சினார்.

கைப்பையைத் தூக்கிக்கொண்டு நிலையம் பக்கம் திரும்பியவளை மறித்தேன்.

"இப்பச் சொல்லு."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "உங்களைப் பத்திப் பேசாம ஒருநாளும் போனதில்லை. முக்காவாசி புகார்தான். சாப்பாட்டுல உப்பே போடறதில்லைன்னு. டாக்டர் சொன்னபடி அளந்து அளந்து போடறா, அவளும் அதையேதான் திங்கறா, எனக்குன்னு தனியா சமைச்சுட்டு அவ ருசியா சாப்பிட்டிருக்கலாம்ல, பைத்தியக்காரின்னு. ஏழரை ஆச்சுன்னா, 'சாப்பாடு ஆறிடும்'னு எழுந்துடுவாரு."

நான் தெருவில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தேன். மூட்டு கடகடவென்றது.

"எழுந்திருங்க. ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். அன்னைக்கு ஜனங்க பாக்கத்தானே சொன்னேன்? மிசாவோசான், நீங்க என் புருஷனைக் கொல்லலை. நான் சொன்னது அத்தனையும் தப்பு. மன்னிச்சுடுங்க."

முதல்முதலாக அவளை 'நீங்க' என்று சொன்னது எனக்கே பிறகுதான் உறைத்தது. அவளும் குனிந்து வணங்கினாள். நான் மறுபடி குனிந்தேன். அவள் மறுபடி. எங்கள் ஊரில் இது ஆரம்பித்தால் சுலபத்தில் முடியாது. ரயில் வருகிற அறிவிப்பு கேட்டபிறகுதான் அவள் போனாள்.

அன்று சவச் சடங்கில் நான் கத்தியதைக் கேட்டவர்கள் நாற்பது பேர். தெருவில் நான் மன்னிப்புக் கேட்டதைக் காதால் கேட்டவர்களில் அந்த நாற்பதில் உள்ளவர்கள் முரோகாவும் இன்னும் மூன்று பேரும்தான். மற்றவர்களுக்கு அவள் இன்னும் கொலைகாரி. கடோவாக்கியிடம் சொல்லி ஒரு பட்டியல் போடச்சொன்னேன். ஏப்ரலிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். கதவைத் தட்டி, இன்னார் மனைவி நான், பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது பொய், மிசாவோ நிட்டா என் கணவருக்குப் பார்லி டீதான் கொடுத்தாள் என்று சொல்வேன். பாதிப் பேருக்கு அது ஞாபகமே இல்லை. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க என்று கேட்கிறார்கள். ஆமாம் என்பேன். இன்னும் பதினோரு வீடு இருக்கிறது.